எக்ஸ்ரே படிக்க அமெரிக்கா போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஆஸ்பத்திரி வேலைகளைப் பற்றி எழுதியபோது, அமெரிக்காவில் கொமியூனிற்றி கொலிஜ் என்கிற சமுதாயக் கல்லூரியில் படித்து எக்ஸ்ரே எடுப்பவராக வரலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். நான் கிளிநொச்சியில் வளர்ந்து, கலியாணத்தோடு அங்கே போய், அப்படியொரு கல்லூரியில் இதைப் படித்து, ஆஸ்பத்திரியில் வேலையும் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். அதனால் நேராகவே பதில் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, ஏ.எல். உயிரியல் பிரிவில் எனக்கு ஒரு சீ, இரண்டு எஸ். கம்பஸ் கிடைக்காது. நியூஜேர்சியில் இருக்கிற மாமா, ஸ்ருடன்ற் விசாவில் வந்து சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருசம் எக்ஸ்ரே படித்தால் உடனே வேலை என்கிறார். யாழ்ப்பாணத்தில் ஒரு ஏஜென்சி எல்லாம் செய்து தருவதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறது. அப்பா வயலை ஈடு வைக்க யோசிக்கிறார். போகலாமா? – மாணவி, தருமபுரம்

தங்கச்சி, முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், வயல் உறுதி இப்போதைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும்.

மாமா சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் சொன்னது பாதி. சமுதாயக் கல்லூரி என்பது அந்தந்த வட்டாரத்து ஆட்களுக்காக அரசாங்கப் பணத்தில் நடக்கிற இரண்டு வருடக் கல்லூரி. 1901இல் இலினோய் மாநிலத்தில் ஜோலியற் என்ற ஊரில் தொடங்கியதைத்தான் முதலாவது அரச சமுதாயக் கல்லூரி என்பார்கள். பள்ளிக்கூடம் முடித்த எவரையும் சேர்ப்பார்கள், கட்டணமும் பெரிய பல்கலைக்கழகங்களை விட நன்றாகக் குறைவு. அந்தக் கதவு திறந்திருப்பது கல்லூரிக்குத்தான், எக்ஸ்ரே படிப்புக்கு இல்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ஆஸ்பத்திரியில் பயிற்சி இடம் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பதால் ஒரு தொகுதிக்குக் கொஞ்சப் பேரைத்தான் எடுப்பார்கள். அதற்கு முன்னால் உடற்கூறும் உடற்றொழிலும், அட்சரகணிதம், ஆங்கிலக் கட்டுரை, மருத்துவச் சொற்கள் என்று சில பாடங்களை நல்ல புள்ளியோடு முடித்துவிட்டு, அப்புறம்தான் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பித்த எல்லாரையும் புள்ளி போட்டு வரிசைப்படுத்தி மேலே இருந்து எடுப்பார்கள். உள்ளே போன பிறகுதான் மாமா சொன்ன அந்த இரண்டு வருடம் தொடங்கும், அதுவும் கோடை விடுமுறையும் சேர்ந்தது. அதாவது கிட்டத்தட்ட மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விசா விசயத்துக்கு வருவோம், சிக்கல் இங்கேதான். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் போகிறவருக்கு உள்ளூர்க் கட்டணம் இல்லை, அதைவிடக் கூடின கட்டணம். மத்திய அரசின் கல்வி உதவிப் பணமும் கிடையாது. குறைந்தது முதல் வருடச் செலவுக்குக் காசு இருக்கிறது என்று காட்டினால்தான் விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற கல்லூரிப் பத்திரமே தருவார்கள். படிக்கிற காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் மட்டும், வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரைதான் வேலை செய்யலாம். இதையெல்லாம் சமாளித்துவிட்டாலும், பல கல்லூரிகள் எக்ஸ்ரே படிப்பின் இடங்களை அந்த வட்டாரத்து ஆட்களுக்கு முதலில் கொடுக்கின்றன, சில இடங்களில் எஃப்-1 மாணவரை இந்தப் படிப்புக்கே எடுப்பதில்லை. உள்ளூர்ப் பிள்ளை இந்த முறை கிடைக்காவிட்டால் ஏதாவது கடையில் வேலை செய்துகொண்டு அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கும். உங்களால் அப்படிக் காத்திருக்க முடியாது. விசா நிலைக்க வேண்டுமென்றால் தவணைக்குத் தவணை முழுநேரமாகப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனவே தேவையில்லாத பாடங்களுக்கெல்லாம் கூடின கட்டணத்தைக் கட்டிக்கொண்டு, இடம் கிடைக்குமா இல்லையா என்று தெரியாமல் நிற்க வேண்டி வரும். இப்படி நின்றுவிட்டுக் கடைசியில் வேறு ஏதோ படிப்புக்கு மாறிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன், கடன் மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது.

அதனால் ஒன்று செய்யுங்கள். மாமாவிடம் கல்லூரியின் பெயரை வாங்கி, அந்தப் பாடநெறியின் பொறுப்பாளருக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதுங்கள். எஃப்-1 மாணவரை ரேடியோகிராபி (எக்ஸ்ரே) பாடநெறிக்குள் எடுப்பீர்களா? எடுத்தால் உள்ளூர் ஆட்களோடு சமமாகப் புள்ளி போடுவீர்களா? முன்பாடங்கள் எவை? இதைக் கேட்க ஒரு சதம் செலவில்லை. ஏஜென்சி "சீற் கொன்ஃபோம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பாடப் புள்ளியை வைத்துத்தான் தெரிவு நடக்கிறது, அங்கே போய் ஒரு பாடமும் படிக்காத ஆளுக்கு யாராலும் இடத்தை உறுதி செய்ய முடியாது.

கல்லூரியைப் பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஜே.ஆர்.சி.ஈ.ஆர்.டி. என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா? அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பாடநெறியும், சேர்ந்தவர்களில் எத்தனை வீதம் படிப்பை முடித்தார்கள், முதல் தடவையிலேயே எத்தனை வீதம் பரீட்சையில் சித்தியடைந்தார்கள், எத்தனை வீதம் பேருக்கு வேலை கிடைத்தது என்பதை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். படிப்பை முடித்தவர்களின் வீதம் நன்றாகக் குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கட்டடத்தின் படத்தைப் பார்த்துக் கல்லூரி தெரிவு செய்யாதீர்கள்.

நாட்டுக்குள்ளேயும் வழி இருக்கிறது. சுகாதார அமைச்சு ரேடியோகிராபர் பயிற்சிக்கு வர்த்தமானி மூலம் ஆட்களைச் சேர்த்து வந்திருக்கிறது, கொழும்பில் இரண்டு வருடப் பயிற்சி, பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவும் உண்டு. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், கேட்கிற தகைமையை வரி வரியாகப் பாருங்கள், ஓ.எல். பெறுபேற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ரேடியோகிராபிக்கு நாலு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது, அதற்குப் பல்கலைக்கழகத் தெரிவுக்கான இஸட் புள்ளி வேண்டும். இன்னொரு தடவை ஏ.எல். எடுக்கிற யோசனை இருந்தால் பேராதனையை மனதில் வைத்து எடுங்கள். என்னிடம் கேட்டால், உங்கள் நிலைமையில் முதலில் தட்ட வேண்டியது நாட்டுக்குள்ளே இருக்கிற இந்தக் கதவுகளைத்தான்.

பட்டனை அமத்துகிற வேலைக்கு எதற்கு இரண்டு வருசப் படிப்பு? – வாசகர், விசுவமடு

கேட்டது நல்லது ஐயா, நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு நெஞ்சுப் படத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம், எல்லாவற்றிலும் சுலபமானது என்று சொல்லப்படுவது அதுதான்.

வருத்தக்காரர் நெஞ்சைப் படம் பதிகிற பிளேற்றோடு அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும், நாடி மேலே, கைகளின் புறப்பக்கம் இடுப்பில், தோள்கள் இரண்டும் முன்னுக்கு உருள வேண்டும். உருளாவிட்டால் தோட்பட்டை எலும்பு நுரையீரலுக்கு மேலே விழுந்து அதை மறைக்கும். கதிர் வருகிற குழாய்க்கும் பிளேற்றுக்கும் இடையில் கிட்டத்தட்ட 180 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும், கிட்டவாக வைத்தால் இதயம் உள்ளதை விடப் பெரிதாகத் தெரியும். பிறகு மூச்சை இழுக்கச் சொல்லி, விடச் சொல்லி, இன்னொரு தரம் ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். அரைவாசி மூச்சோடு எடுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாக வரும், அதை நியுமோனியா என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. படம் வந்ததும் பின்பக்கத்து விலா எலும்புகள் பத்துத் தெரிகிறதா என்று எண்ண வேண்டும், காறை எலும்புகள் இரண்டின் நுனியும் முள்ளந்தண்டிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், நிற்கவில்லை என்றால் ஆள் கொஞ்சம் திரும்பி நின்றிருக்கிறார். இவ்வளவும் சரியாக நடந்த பிறகுதான் அந்தப் பட்டனுக்குப் பெறுமதி. இதுவும் நின்று, சொன்னதைக் கேட்டு, மூச்சுப் பிடிக்கக்கூடிய ஒருவருக்கு.

கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்து வந்த எண்பது வயது அம்மாவை எப்படி எடுப்பது? அந்தக் காலைத் திருப்பவே கூடாது. பக்கவாட்டுப் படம் வேண்டும் என்றால் நல்ல காலைத் தூக்கித் தாங்கி வைத்துவிட்டு, குழாயைப் படுக்கையாக்கி, காலுக்கு இடையால் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அந்த அம்மா வலியில் கத்துவா, மகள் வாசலில் நின்று அழுவா, சத்திரசிகிச்சை வைத்தியர் படத்துக்குக் காத்திருப்பார். அந்த நேரத்தில் கையும் நடுங்காமல், வாயாலும் கனிவாகப் பேசிக்கொண்டு, ஒரே தடவையில் படத்தை எடுத்து முடிக்கிறதைத்தான் இரண்டு வருடம் சொல்லித் தருகிறார்கள்.

வகுப்பில் பௌதிகமும் உண்டு. குழாய்க்குள் இலத்திரன்கள் ஓடிவந்து தங்குதன் என்ற உலோக இலக்கில் மோதும்போது அந்தச் சக்தியில் 99 வீதத்துக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது, ஒரு வீதத்துக்கும் குறைவானதே எக்ஸ் கதிராகிறது. இது தெரிந்த ஆளுக்குத்தான் இயந்திரத்தை ஏன் ஆறவிட வேண்டும் என்பதும் தெரியும். ஆய்வுகூடத்தில் பொம்மை உடலை வைத்துப் பழகுவார்கள், பழகுவதற்காக ஒரு மனிதர் மேலும் கதிர் விடக் கூடாது. பிறகு வாரத்தில் பாதி ஆஸ்பத்திரியில். முதலில் பார்க்கிறது, அப்புறம் தொழில் தெரிந்தவர் பக்கத்தில் நிற்கச் செய்கிறது, அப்புறம் தனியாகச் செய்து காட்டி ஒவ்வொன்றாக ஒப்பம் வாங்குகிறது. கட்டாயமான படங்கள் 35க்கு மேல், விருப்பத் தெரிவில் இன்னும் 15. அவற்றோடு நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், உயிர்காப்பு முதலுதவி மாதிரியான பராமரிப்பு வேலைகளும் செய்து காட்ட வேண்டும். ஒரு படம் பிழைத்து இரண்டாம் தரம் எடுக்க வேண்டி வந்தால், கடைசித் தவணை மாணவராக இருந்தாலும் தொழில் தெரிந்தவர் பக்கத்தில் வந்து நின்றே ஆக வேண்டும். வருத்தக்காரருக்குத் தேவையில்லாமல் இன்னொரு தரம் கதிர் படக்கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி. எனக்கு இந்தப் படிப்பில் ஆகப் பிடித்த விதியும் அதுதான்.

எல்லாம் முடிய ஏ.ஆர்.ஆர்.டி. என்ற பதிவு அமைப்பின் பரீட்சை. புள்ளிக்கு எடுக்கிற கேள்விகள் 200, சித்தியடைய அளவீட்டுப் புள்ளி (கேள்விகளின் கடினத்துக்கு ஏற்பச் சீராக்கிய புள்ளி) 75. மூன்று வருடத்துக்குள் மூன்று தரம் எழுதலாம். 2015 தொடக்கம், குறைந்தது இரண்டு வருட இணைப்பட்டம் இல்லாதவர் இந்தப் பரீட்சைக்கு இருக்க முடியாது. பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு மேலே மாநில அனுமதிப்பத்திரமும் எடுக்க வேண்டும்.

மகள் இந்தப் படிப்புக்குப் போக ஆசைப்படுகிறாள். கதிர் பட்டால் பிள்ளை தங்காதாம், சம்பந்தம் பேச வருகிறவர்களும் யோசிப்பார்களாம் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். உண்மையா பிள்ளை? – ஒரு தாய், முள்ளியவளை

அம்மா, இந்தப் பயத்தால் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்தப் பக்கமே வராமல் போகிறார்கள், அதனால் விபரமாகவே சொல்கிறேன்.

எக்ஸ்ரே இயந்திரம் வேலை செய்கிற அந்தச் செக்கனின் சிறு பங்கில்தான் கதிர் வருகிறது. நின்றவுடன் அறையிலும் ஒன்றும் தங்காது, படம் எடுத்த ஆளின் உடம்பிலும் தங்காது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் உலகத்தில் ஒரு மனிதருக்குச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் அளவு கதிர் எப்படியும் படுகிறது, ஒரு நெஞ்சுப் படம் 0.1 மில்லிசீவர்ட்டோ அதற்கும் குறைவோ. அதுவும் படம் எடுக்கப்படுகிறவருக்கு. எடுக்கிறவர் ஈயம் பதித்த சுவருக்குப் பின்னால் நிற்கிறார். அமெரிக்காவில் இந்தத் தொழிலாளருக்கு ஒரு வருட எல்லை 50 மில்லிசீவர்ட், சர்வதேசப் பரிந்துரையோ ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20. ஒழுங்காக வேலை செய்கிறவருக்கு அந்த எல்லையில் ஒரு சிறு பங்குதான் வரும்.

எல்லையைத் தாண்டவில்லை என்பதை எப்படி அறிவது என்று கேட்பீர்கள். மாணவியாகச் சேர்ந்ததும் சட்டைக் கொலரில் மாட்டுகிற ஒரு சின்னப் பட்ச் தருவார்கள், எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது பதிந்துகொண்டே இருக்கும், குறித்த காலத்துக்கு ஒரு தரம் அதை வாங்கிப் படித்துக் கணக்கைக் காட்டுவார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலடிக்கு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய் எடுக்கும்போது ஈய அங்கி போட்டு, வயர் நீளுகிற அளவுக்குத் தள்ளி நிற்க வேண்டும். குப்பி விளக்கை விட்டுத் தள்ளிப் போகப் போக வெளிச்சம் குறைகிற மாதிரி, தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒன்றாகிவிடும்.

கர்ப்பம் என்றால், அதைச் சொல்வதா இல்லையா என்பது அங்கே அந்தப் பெண்ணின் விருப்பம். எழுத்தில் அறிவித்தால் அந்தக் கர்ப்பகாலம் முழுவதற்கும் குழந்தைக்கான எல்லை 5 மில்லிசீவர்ட், அங்கிக்கு உள்ளே இடுப்பில் இரண்டாவது பட்ச் ஒன்றும் தருவார்கள். கதிர் கூடுதலாக உள்ள அறைகளில் அவரைப் போடாமல் வேலையை மாற்றிக் கொடுப்பதும் வழக்கம். என்னோடு வேலை செய்த பெண்களில் பலர் இந்த வேலையில் இருந்துகொண்டே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் மகளே இதைச் சொல்லட்டும், படித்த பிள்ளை அவளை விட யார் தெளிவாகச் சொல்லப் போகிறார்கள்?

அக்கா, எனக்கு 34 வயது. ஏ.எல். வர்த்தகம். மனைவி அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், எனக்கு கிறீன் கார்ட் சரிவந்து ஹூஸ்டன் போகப் போகிறேன். இந்த வயதில் இதைப் படிக்கலாமா? – வாசகர், மல்லாவி

தாராளமாகப் படிக்கலாம் தம்பி, வகுப்பில் உங்களை விட மூத்தவர்களும் இருப்பார்கள். தருமபுரத்துத் தங்கச்சிக்கு நான் சொன்ன தடைகளில் முக்கால்வாசி உங்களுக்கு இல்லை. நிரந்தர வதிவாளர் என்றபடியால் ஃபாஃப்சா என்ற விண்ணப்பத்தை நிரப்பி, குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் உதவிப் பணம் எடுக்கலாம். உள்ளூர்க் கட்டணத்துக்கு அந்த மாநிலத்தில் ஒரு வருடம் வசித்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தை வீணாக்காமல் ஆங்கிலத்தைப் பலப்படுத்துங்கள், கார் ஓட்டப் பழகுங்கள். கார் விசயத்தை லேசாக எடுக்க வேண்டாம். பயிற்சி ஆஸ்பத்திரியைக் கல்லூரிதான் ஒதுக்கும், அது வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும் என்று சொல்ல முடியாது, விடியக் காலமை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டியிருக்கும்.

வர்த்தகம் படித்தது தடையில்லை, ஏ.எல். சான்றிதழை மதிப்பிட்டுப் பள்ளிப்படிப்பு முடித்ததாக எடுப்பார்கள். ஆனால் உயிரியல் தொடாதவருக்கு உடற்கூறும் உடற்றொழிலும் பாரமாகத்தான் இருக்கும். அதை வேறு பாடங்களோடு சேர்க்காமல் தனியாக எடுங்கள், அதில் எடுக்கிற புள்ளிதான் தெரிவில் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆஸ்பத்திரிப் பயிற்சி பகல் நேரம், அதற்குச் சம்பளம் இல்லை. இரண்டு வருடம் முழுநேர வேலை பார்க்க முடியாது என்பதை மனைவியோடு இப்பவே பேசிக்கொள்ளுங்கள், பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். பயிற்சிக்குப் போக முன் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் பரிசோதனை, ஹெபடைற்றிஸ் பி உட்பட்ட தடுப்பூசிகள், காசநோய்ச் சோதனை எல்லாம் இருக்கும். தடுப்பூசி அட்டை இங்கே கிடைத்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

சம்பளம் எவ்வளவு என்று நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2023இல் அங்கே இந்தத் தொழிலின் இடைநிலை ஆண்டு ஊதியம் 70,000 டொலருக்கு மேல், வரிக்கு முன்னால். பிறகு சி.ரி. ஸ்கான், காந்தத்தால் எடுக்கிற எம்.ஆர்.ஐ. ஸ்கான், மார்பகத்துக்கான மமோகிராம் என்று மேலதிகமாகப் படித்தால் இன்னும் கூடும். பதிவைத் தக்கவைக்க இரண்டு வருடத்துக்கு 24 புள்ளி தொடர்கல்வி செய்ய வேண்டும்.

எனக்கு முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். 2009இல் சின்ன வயதில் இழந்தது. உயிரியல் நன்றாகச் செய்வேன். என்னை எடுப்பார்களா? – மாணவர், புதுக்குடியிருப்பு

தம்பி, இதை மறைக்காமல் எழுதுகிறேன். நாளின் பெரும்பகுதி நின்றும் நடந்தும் செய்கிற வேலை இது. கட்டிலிலிருந்து ஆளை மேசைக்கு மாற்ற உதவ வேண்டும், பாரமான இயந்திரத்தைத் தள்ள வேண்டும், கிலோக் கணக்கில் பாரமுள்ள ஈய அங்கியைச் சிலவேளை மணித்தியாலக் கணக்கில் போட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு பாடநெறியும் இந்த உடல் தேவைகளை எழுதி வெளியிட்டிருக்கும். அதை எடுத்து வரி வரியாக வாசித்து, உங்களால் எது முடியும், எதற்கு உதவி வேண்டும் என்று நீங்களே குறியுங்கள். 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, கால் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உங்களைத் தள்ள முடியாது, நியாயமான வசதி செய்து கொடுக்க வேண்டும். ஆனால் வேலையின் அடிப்படையான பகுதிகளை நீங்கள்தான் செய்து முடிக்க வேண்டும். கல்லூரியில் இதற்கென்றே ஒரு அலுவலகம் இருக்கும், சேர முன்பே அங்கே பேசுங்கள்.

நன்றாகப் பொருந்திய பொய்க்காலோடு வயலில் வரப்பில் நடந்து வேலை செய்கிற ஆட்களை நம் ஊரில் தினமும் பார்க்கிறோம். உங்களால் முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள், காலின் உலோகம் எக்ஸ்ரே அறையில் ஒரு பிரச்சினையும் இல்லை, எம்.ஆர்.ஐ. அறை வேறு. அங்கே காந்தம் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும், வேலை செய்கிறவரின் காலில் இருக்கிற உருக்கையும் இழுக்கும். எனவே எக்ஸ்ரே அல்லது சி.ரி. பக்கம் குறி வையுங்கள்.

என் முதுகில் செல் குண்டுத் துண்டு இன்னும் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னால் எடுக்கமாட்டார்களோ என்று யோசனை. – வாசகி, இரணைப்பாலை

(இந்த அம்மாவின் கடிதம் தனியாக வந்தது, பொருத்தம் கருதி இங்கே சேர்க்கிறேன்.)

கட்டாயம் சொல்லுங்கள் அம்மா. முதலில் வைத்தியருக்கு, பிறகு படிவத்தில், பிறகு அறை வாசலில் நிற்கிற ரேடியோகிராபருக்கு வாயாலும். காயத் தழும்பையும் காட்டுங்கள். செல் துண்டுகள் பெரும்பாலும் உருக்கு, காந்தம் அதை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். கண்ணுக்குள், முள்ளந்தண்டு நரம்புக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் ஆபத்து. எனவே முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே நிற்கிறது என்று பார்த்து, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா அல்லது சி.ரி. போதுமா என்று வைத்தியர் முடிவு செய்வார். எக்ஸ்ரேயோ சி.ரி.யோ அந்தத் துண்டை அசைக்காது, பயப்பட வேண்டாம். வன்னியில் உங்களைப் போல எத்தனையோ பேர் இப்படித் துண்டோடு நடமாடுகிறார்கள், வெளியூரிலிருந்து வருகிற ஒரு வைத்தியருக்கு அதைக் கேட்கத் தோன்றாமலும் போகலாம். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். இங்கே ரேடியோகிராபராக வர இருக்கிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன், 2009ஐத் தாண்டி வந்த எவரையும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் அந்த அறைக்குள் விடாதீர்கள்.

இலங்கையில் ரேடியோகிராபராகப் பதிவு பெற்று வேலை செய்கிறேன். நேரே அமெரிக்கப் பரீட்சை எழுதலாமா? – வவுனியா

பொதுவாக முடியாது. ஏ.ஆர்.ஆர்.டி. தான் ஏற்றுக்கொண்ட பாடநெறியை முடித்தவரைத்தான் விடும். சில கல்லூரிகள் உங்கள் படிப்பைக் கணக்கில் எடுத்து இடையில் சேர்க்கும், அது பாடநெறிப் பொறுப்பாளரின் முடிவு. கனடாவில் வெளிநாட்டில் படித்தவர்களைத் தனியாக மதிப்பிட்டுப் பரீட்சைக்கு விடுகிற முறை இருக்கிறது, பிரித்தானியாவில் எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் பதிவுச் சபையின் பதிவுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். உங்கள் நிலையில் அந்த இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கு வராது, பரவாயில்லையா? – செட்டிகுளம்

ஓ.எல். கணிதத்தை நன்றாகச் செய்திருந்தால் போதும். விகிதமும் எளிய சமன்பாடும்தான் கூட வரும். ஒரு மீற்றரில் எடுத்த படத்தை இரண்டு மீற்றரில் எடுக்க வேண்டும் என்றால் நாலு மடங்கு கதிர் கொடுக்க வேண்டும் என்பதைத் தாளும் பேனையும் இல்லாமல் சொல்ல வந்தால் நீங்கள் தயார்.

படிக்க ஆசை இருக்கிறது, ஆனால் ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டது. எங்கே தொடங்குவது? – ஒட்டுசுட்டான்

சான்றிதழ் போனாலும் பெறுபேறு போகவில்லை. பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்தில் பதிவு இருக்கிறது, இணையத்தாலும் விண்ணப்பிக்கலாம். வருடமும் சுட்டெண்ணும் வேண்டும். சுட்டெண் மறந்திருந்தால் பரீட்சை எழுதிய பாடசாலையின் அதிபரைக் கேளுங்கள், பாடசாலையே இடம்பெயர்ந்திருந்தாலும் வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழைப் பிரதேச செயலகத்தில் புதிதாக எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பெயரின் எழுத்துகள் கடவுச்சீட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெறுபேற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்பவே ஒப்பிட்டுப் பாருங்கள், நம் ஆட்களுக்கு அதிகம் இழுபடுவது இந்த இடத்தில்தான். வெளிநாட்டுக் கல்லூரிக்கு என்றால் ஒன்றைக் கேட்காமல் பிரதிக்குக் காசு கட்ட வேண்டாம். சில மதிப்பீட்டு நிறுவனங்கள் உங்கள் கையில் இருக்கிற பிரதியை ஏற்காது, திணைக்களமே நேராகத் தங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கும். எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டைக் கல்லூரி ஏற்கிறது என்று கேட்டு அறிந்த பிறகு பெலவத்தைக்கு விண்ணப்பியுங்கள்.